பின் அடித்த பக்கங்கள்

அத்தியாயம் 14

ஞாயிற்றுக்கிழமை விடிந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு நாள்தான்.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, பதினொரு வயதுப் பெண் ஒருத்தி குடும்ப நல அதிகாரி அம்மாளின் அறைக்குள் தனியாகப் போய் உட்கார வேண்டும். "நீ யாரோட இருக்க ஆசைப்படுற?" என்று அந்த அம்மாள் கேட்பார். பிள்ளை என்ன சொல்கிறதோ அதன்படிதான் எல்லாம் என்று போன வாரமே சொல்லிவிட்டார்கள்.

அந்த ஒரு பதிலுக்காக இரண்டு வீடுகள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தன. ஒன்று, பெற்ற தகப்பனான கப்பல்காரரின் வீடு. கப்பல் வேலை என்று ஆறு வருஷம் முகமே காட்டாமல் இருந்துவிட்டு, இப்போது "என் பொண்ணு எனக்கு வேணும்" என்று வந்து நிற்கிறார். இன்னொன்று நம் மெக்கானிக்கின் வீடு.

மெக்கானிக் என்றால் லிஃப்ட் மெக்கானிக். பிள்ளையின் அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டு இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. இரண்டு வருஷமாக அந்தப் பெண் அவரை எந்த முறை வைத்தும் கூப்பிட்டதில்லை. அப்பா இல்லை, மாமா இல்லை, அங்கிள்கூட இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் நேரே எதிரில் வந்து நின்று, "ஒரு சந்தேகம்" என்று ஆரம்பிப்பாள். அதனாலேயே அவர் அவளுக்கு 'சின்ன வக்கீல்' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயருக்கு அவள் சிரித்ததும் இல்லை, வேண்டாம் என்று சொன்னதும் இல்லை.

முதல் தடவை விசாரிக்கும்போது அதிகாரி அம்மாள், "வீட்ல யார் யார் இருக்கீங்க?" என்று கேட்டாராம். "நானும் அம்மாவும்" என்றாளாம் பெண். கொஞ்ச நேரம் கழித்து, ஏதோ மறந்துபோன சாமானை ஞாபகப்படுத்திக்கொண்ட மாதிரி, "அவரும் இருக்கார்" என்றாளாம்.

அந்த இரண்டு சொல்லைத்தான் மெக்கானிக் ஒரு வாரமாக மென்றுகொண்டிருக்கிறார். முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"யாரும் பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கக் கூடாது" என்பது அதிகாரியின் கண்டிப்பு. போகாதே என்று கெஞ்சக் கூடாது, இரு என்று சொல்லக் கூடாது. ஞாயிறு நாலு மணிக்குக் கப்பல்காரர் வந்து பெண்ணை அழைத்துப் போவார். மறுநாள் அந்த அறைக்குள் அவள் போகிற வரைக்கும் இந்த வீட்டிலிருந்து ஒரு போன்கூடப் போகக் கூடாது. வாயைக் கட்டி, கையைக் கட்டி, பிள்ளையை மட்டும் கட்டாமல் விட்டிருந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடம் ஒரு வேலை கொடுத்தது.

வாசிப்பு ஏடு என்று ஒரு நோட்டு. விடுமுறைக்குப் பிள்ளைகள் ஒரு நல்ல நாவல் படிக்க வேண்டும். அதை வீட்டுப் பெரியவர் ஒருவர் முதலில் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துத் தர வேண்டும். நோட்டில் நாலு கட்டம்: புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தவர், அவர் மாணவிக்கு என்ன உறவு, ஏன் தேர்ந்தெடுத்தார், படித்தபின் மாணவியின் கருத்து.

பெண்ணின் அம்மா ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். இந்த மாதம் அவளுக்கு ஓயாத வேலை. "ஏங்க, இந்தத் தடவை நீங்க பாத்துக் குடுங்களேன்" என்றாள்.

மெக்கானிக் தலையாட்டிவிட்டார். பத்தாம் வகுப்புக்குப் பிறகு அவர் முழுசாகப் படித்தது லிஃப்ட் கம்பெனி கொடுக்கிற கையேடு மட்டும்தான். ஆழம் தெரியாமல் காலை விடுகிறோம் என்று அவருக்கே தெரிந்தது. ஆனாலும் கட்டின வாய்க்கு ஒரு வழி கிடைத்த மாதிரி இருந்தது. நம்மால் பேசத்தானே கூடாது, ஒரு நல்ல கதையைக் கையில் கொடுக்கலாமே என்று நினைத்தார்.

அவர் பராமரிக்கிற ஆறு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு புத்தகக் கடை இருந்தது. கடைக்கார அம்மாள் மூக்கில் ஒரு கண்ணாடி, தலையில் ஒரு கண்ணாடி என்று போட்டுக்கொண்டு, மூன்றாவதைத் தேடிக்கொண்டிருப்பார். அவரிடம் போய் மெக்கானிக் தன் தேவையைச் சொன்னார்.

"அக்கா, பத்து பதினொரு வயசுப் பிள்ளை படிக்கிற மாதிரி நல்ல நாவல் வேணும். அப்பா செத்துப் போகக் கூடாது. அம்மா அழக் கூடாது. முக்கியமா, ரெண்டாவதா வீட்டுக்கு வர்றவன் கெட்டவனா இருக்கக் கூடாது."

கடைக்கார அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, இந்த வயசுப் பிள்ளைங்க கதையில பெத்தவங்க ரெண்டு பேரும் நல்லபடியா வீட்ல இருந்தா கதை எப்படி நகரும்? சாப்டியா, பல் தேச்சியான்னே முடிஞ்சு போயிடும்."

அவர் சொன்னது வேடிக்கை இல்லை. மெக்கானிக் படித்த முதல் நாவலில் இரண்டாம் பக்கத்திலேயே அம்மா செத்தாள். இரண்டாவதில் சித்தி பாலில் எதையோ கலந்தாள். மூன்றாவதில் எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் அம்மாவுக்கு இரண்டாவதாக வாய்த்தவன் குடிகாரன், கடைசியில் போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போகிறது. அதைப் படித்த அன்று மெக்கானிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யாரோ தன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து எழுதின மாதிரி கோபம் வந்தது.

நாலாவதாக வந்தது மஞ்சள் அட்டை போட்ட புத்தகம். கூரை மேல் ஒரு ஆடு நிற்கிற படம். "இதைப் படிச்சுப் பாரு. ஆனா கடைசி வரைக்கும் படிக்கணும், சொல்லிட்டேன்" என்று சொல்லித்தான் கடைக்கார அம்மாள் கொடுத்தார்.

ஆற்றங்கரையில் ஒரு வீடு. அம்மா, மகள், மகளின் ஆடு. அம்மா மறுபடி கட்டிக்கொண்ட படகுக்காரன். மெக்கானிக் மதியச் சாப்பாட்டு நேரத்தில் லிஃப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்து, கைவிளக்கு வெளிச்சத்தில் வரி வரியாகப் படித்தார். படகுக்காரன் அதிகம் பேசாதவன். பரவாயில்லை, நம்ம ஆள் என்று நினைத்துக்கொண்டார். பெண்ணுக்கும் அவனுக்கும் ஒத்துப்போகவில்லை. சரி, போகப் போகச் சரியாகும்.

தொண்ணூற்றாறாம் பக்கத்தில் இடி விழுந்தது. அம்மா ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து, படகுக்காரன் அந்தப் பெண்ணைக் குண்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு போய் மாடி அறையில் அடைத்து, கதவைப் பூட்டி, ஜன்னலுக்குப் பலகை வைத்து ஆணி அடித்தான். பிள்ளை கத்தக் கத்த ஆணியை அடித்துக்கொண்டே இருந்தான்.

அதற்கு மேல் படிக்க மெக்கானிக்குக் கை வரவில்லை. அடுத்த அத்தியாயம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தார். நூற்றெட்டாம் பக்கத்தில் பெண் படகில் ஏறி நகரத்துக்கு, தன் அப்பா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். படகுக்காரன் பேச்சே இல்லை. கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். ஆற்றங்கரை வீடு, வாசலில் எல்லோரும், ஆடும் இருந்தது. போதும்.

வேறு புத்தகம் தேட நேரமில்லை, மறுநாள் காலையில் கொடுத்தாக வேண்டும். ஸ்டேப்ளரை எடுத்தார். தொண்ணூற்றிரண்டு முதல் நூற்றேழு வரை, பதினாறு பக்கத்தையும் உள்ளே வைத்து, ஓரத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் இரண்டு என்று நாலு பின் அடித்தார். லிஃப்ட் ஓடும் தண்டவாளத்துக்கு போல்ட் முடுக்குகிறவர் அல்லவா, அழுத்தமாகவே அடித்தார்.

பிறகு நோட்டில் 'ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்' என்ற கட்டத்தில் எழுதினார். பழக்கதோஷம், லிஃப்ட் சான்றிதழ் மாதிரியே வந்தது: 'முழுவதும் சோதித்துப் பார்த்தேன். பிள்ளைகள் பயன்படுத்தலாம்.'

உறவு என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டார். "அதை நீங்களே எழுதிக்குங்க வக்கீலம்மா" என்று சொல்லி நேற்றுக் காலையில் நோட்டையும் புத்தகத்தையும் கொடுத்தார்.

சின்ன வக்கீல் படிப்பில் புலி. ஞாயிறு காலை எட்டரைக்கெல்லாம் புத்தகமும் கையுமாக வந்து நின்றாள்.

"ஒரு சந்தேகம்."

மெக்கானிக் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். "கேளுங்க வக்கீலம்மா."

"தொண்ணூத்தி ரெண்டுலேருந்து நூத்தி ஏழு வரைக்கும் பின் அடிச்சிருக்கு. நாலு பின்."

தெரியாமலா இருக்கும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர், இப்போது சோற்றுப் பருக்கையைத் தேடினார்.

"அதுவா? அது அச்சுல தப்பு. தப்பான பக்கத்தை யாரும் படிச்சுடக் கூடாதுன்னு கடையிலேயே பின் அடிச்சுக் குடுத்துடுவாங்க."

"எல்லாப் புத்தகத்துக்குமா?"

"தப்பு இருக்கிற புத்தகத்துக்கு மட்டும்."

"ஓ" என்றாள். பின்களை விரலால் தடவிப் பார்த்தாள். "சரி. அது போகட்டும். இன்னொரு சந்தேகம். கடைசில அந்தப் பொண்ணு அவங்க அப்பா வீட்டை விட்டுட்டுத் திரும்பி வந்துடறா. ஏன் வர்றா?"

மெக்கானிக்கின் கையில் பிரஷ் நின்றுவிட்டது. கடைசிப் பக்கம்தான் அவருக்குத் தெரியும். அதற்கு முன்னால் யார் எங்கிருந்து திரும்பி வந்தார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"அது... அவங்க அம்மா இருக்காங்க இல்ல?"

"அம்மா நகரத்துக்கு வந்து அவளைப் பாத்துட்டுத்தான் இருக்காங்க. அவ அம்மாவுக்காக வரலையாம். அவருக்காக வந்தேன்னு சொல்றா. அந்தப் படகுக்காரருக்காக."

"ஓகோ."

"ஆனா அவர் அந்தப் பொண்ணுக்காக ஒண்ணுமே செய்யலையே. கதை முழுக்கத் தேடிட்டேன். சும்மா வீட்ல இருந்தார், அவ்வளவுதான். அப்புறம் ஏன் வரணும்?"

சும்மா வீட்டில் இருந்தார். அவரும் இருக்கார். மெக்கானிக் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். நானும்தான் உனக்காக ஒன்றும் செய்யவில்லையா கண்ணு என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. சொல்லிக் கொடுக்கக் கூடாது என்ற கண்டிப்பு வந்து நாக்கைப் பிடித்துக்கொண்டது.

"கதைல அப்படித்தாம்மா எழுதுவாங்க" என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். ஒரு பெரியவர் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லும்போது பிள்ளைகள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. "சரி" என்று உள்ளே போய்விட்டாள்.

அடுத்த அறையில் அவளுடைய அம்மா, மகளின் நீலக் கவுனை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். போட்ட இடத்திலேயே மறுபடி மறுபடி போட்டாள். மெக்கானிக் போய் நின்றதும் தலை நிமிராமல் பேசினாள்.

"பத்து மாசம் சுமந்தேன். பதினொரு வருஷம் வளத்தேன். 'என்கூட இருடி'ன்னு ஒரு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை இல்லையாம். எங்கேயாவது உண்டா இந்த அநியாயம்?"

"நான் இந்த வீட்டுக்கு வராம இருந்திருந்தா உனக்கு இந்தக் கஷ்டமே இல்ல. அவ உன்னோட மட்டும்னா யோசிக்காம இருந்திருப்பா."

"இப்ப இந்தப் பேச்சு யாராவது கேட்டாங்களா?" என்று இஸ்திரிப் பெட்டியை டங்கென்று வைத்தாள். "ஏற்கெனவே நான் படுற பாடு போதும். நீங்க வேற."

பிறகு அவளே அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, "போன் அடிக்குது பாருங்க" என்றாள்.

அந்த ஆறு மாடிக் கட்டடத்திலிருந்துதான். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறார். ஞாயிறு முறைவேலை இவருடையது. மாட்டேன் என்று சொல்ல முடியாது.

"நாலு மணிக்குள்ள வந்துடுவேன்" என்றார்.

"வராம இருந்துடாதீங்க. அந்த மனுஷன் முன்னாடி என்னால தனியா நிக்க முடியாது" என்றாள் மனைவி.

கிளம்பும்போது சின்ன வக்கீலின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. ஒரு பைக்குள் துணி வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் இரவுக்கு எத்தனை துணி வேண்டும்? அவள் நிறையத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக் எண்ணிப் பார்க்கத் துணியாமல் படியிறங்கினார்.

லிஃப்டுக்குள் மாட்டியிருந்தவர் கையில் கேக் டப்பாவோடு பிறந்தநாள் விழாவுக்குப் புறப்பட்ட மனிதர். உள்ளிருந்து கதவைத் தட்டித் தட்டிக் கத்திக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் நான்காம் மாடிக் கதவருகில் குனிந்து குரல் கொடுத்தார். "சார், பயப்படாதீங்க. கதவை மட்டும் நீங்களா திறக்கப் பாக்காதீங்க."

"என்னை எதுக்கய்யா பூட்டி வச்சிருக்கீங்க?"

"பூட்டலை சார். கரென்ட் குறைஞ்சிருக்கு, அதான் பிரேக் பிடிச்சிருக்கு. கதவு திறந்தா நீங்க விழுந்துடுவீங்கன்னு அதுவே இறுக்கி மூடிக்கும். உங்களைப் பத்திரமாப் பிடிச்சு வச்சிருக்கு, அவ்வளவுதான்."

வாரத்துக்கு நாலு தடவை நாலு பேரிடம் சொல்கிற வசனம். மொட்டைமாடி இயந்திர அறைக்கு ஏறிப் போய், மெயினை அணைத்து, பிரேக்கைக் கையால் தளர்த்தி, சக்கரத்தை மெல்ல மெல்லச் சுற்றிக் கூண்டை மாடிக்கு நேராகக் கொண்டுவந்தார். கேக் நசுங்கியிருந்தது. மனிதர் நன்றிகூடச் சொல்லாமல் படிக்கட்டில் ஓடினார். அதோடு விட முடியுமா? கூண்டை மேலும் கீழுமாக ஓட்டிப் பார்த்து, ஆறு மாடிக் கதவையும் சோதித்து முடிக்க மணி இரண்டே முக்கால் ஆகிவிட்டது.

கீழ்த்தளத்தில் புத்தகக் கடை திறந்திருந்தது. காலையில் கேட்ட கேள்வி இன்னும் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்ததால் உள்ளே போனார்.

"அக்கா, அந்த மஞ்சள் புத்தகம். அந்தப் பொண்ணு ஏன் திரும்பி வர்றா?"

கடைக்கார அம்மாள் தலையிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "ஏன் வர்றாளா? நீ படிக்கலையா?"

"படிச்சேன். நடுவுல கொஞ்சம்..."

"நடுவுலதானே தம்பி கதையே இருக்கு! அந்த வெள்ளத்தைப் படிக்காம என்னத்தைப் படிச்ச?"

அலமாரியிலிருந்து இன்னொரு பிரதியை எடுத்து அவர் கையில் திணித்தார். மெக்கானிக் நின்ற இடத்திலேயே தொண்ணூற்றேழாம் பக்கத்தைத் திறந்தார்.

ஆற்றில் வெள்ளம் வருகிறது. அந்தப் பெண், கட்டி வைத்த ஆட்டை அவிழ்த்துவிடக் கரைக்கு ஓடப் பார்க்கிறாள். ஓடியிருந்தால் வெள்ளத்தோடு போயிருப்பாள். அதனால்தான் படகுக்காரன் அவளை மாடியில் அடைக்கிறான். காற்று ஜன்னலைப் பெயர்த்துவிடும் என்று பலகை அடிக்கிறான். பிறகு கீழே போய், கழுத்தளவு தண்ணீரில் நின்று, கதவு உடையாமல் முதுகைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறான். நடுவில் ஒரு தடவை நீந்திப் போய் ஆட்டைக் கொண்டுவந்து கூரைமேல் ஏற்றிவிட்டு, திரும்ப வந்து கதவைப் பிடிக்கிறான். மேலே அவள் அவனைத் திட்டிக்கொண்டே இருக்கிறாள். காலையில் கதவைத் திறந்துவிட்டு, தன் உடம்பு நடுங்குவதைக் காட்டிக்கொள்ளாமல், "உங்க அப்பா வீட்டுல கொஞ்ச நாள் இரு, இங்க ஈரமா இருக்கு" என்று சொல்லிப் படகில் ஏற்றிவிடுகிறவனும் அவன்தான்.

பதினாறு பக்கம். அட்டையிலேயே ஆடு கூரைமேல் நின்றுகொண்டிருந்தது. எப்படி அங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றவில்லை அவருக்கு.

மெக்கானிக்குக் கண் மறைத்தது. உங்களைப் பத்திரமாகப் பிடித்து வைத்திருக்கிறது என்று சில மணி நேரத்துக்கு முன்னால் தன் வாயாலேயே சொன்னவர். பூட்டு என்றால் என்ன என்று உலகத்துக்கே சொல்லிக் கொடுக்கிறவர், ஒரு பூட்டைக் கண்டு பயந்து ஓடிவிட்டார். ஒரு லிஃப்டைப் பாதி தூரம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தால் அவரை வேலையை விட்டுத் துரத்தியிருப்பார்கள். பிள்ளை விஷயத்தில் அதைத்தான் செய்திருந்தார். நல்லது எதுவோ அதைத் தேடித் தேடி, அதற்கே பின் அடித்துக் கொடுத்துவிட்டார்.

"என்ன தம்பி, ஒரு மாதிரியா இருக்க? தண்ணி குடிக்கிறியா?" என்றார் கடைக்கார அம்மாள்.

"மணி என்னக்கா?"

"மூணே கால்."

ஓடினார். பேருந்து ஆமை மாதிரி ஊர்ந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நிதானமாக ஆளை ஏற்றிக்கொண்டது. மெக்கானிக் பையைத் துழாவி, மூக்கு நீண்ட சின்னக் குறடு ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நாலு பின்னைப் பிடுங்க எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிஷம். ஒன்றும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். பிடுங்கிவிட்டுப் புத்தகத்தை அவள் கையில் கொடுத்துவிட்டால் போதும், மீதியை அவளே படித்துக்கொள்வாள். மனைவிக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

தெருமுனையில் இறங்கும்போது நாலு மணி பத்து நிமிஷம். ஒரு வெள்ளைக் கார் திரும்பி, பெரிய சாலையில் கலந்துகொண்டிருந்தது. பின் ஜன்னலில் நீலமாக ஏதோ தெரிந்தது. அவர் கையைத் தூக்கினார். யாரைக் கூப்பிட, என்ன சொல்லிக் கூப்பிட என்று தெரியாமல் தூக்கின கை அப்படியே நின்றது. கார் போய்விட்டது.

வீட்டுக்குள் மனைவி கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

"அஞ்சு நிமிஷம் நிக்கச் சொன்னேன். நேரமாச்சுன்னுட்டார். போன் எங்க கிடக்குதுன்னே தெரியல. வாசல்ல நின்னு அவ உள்ளேயும் வெளியேயும் பாத்தா. யாரைத் தேடினான்னு கேக்க எனக்குத் தைரியம் இல்லங்க."

"அந்தப் புத்தகம்?"

"பையில வச்சுக்கிட்டா."

"பின் அடிச்சபடியேவா?"

"எந்தப் பின்?" என்றாள் அவள், ஒன்றும் புரியாமல்.

மெக்கானிக் சொன்னார். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை. "நல்லது செய்யத்தானே நினைச்சீங்க" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

"நோட்டை மட்டும் வச்சுட்டுப் போயிருக்கா. உங்ககிட்ட குடுக்கச் சொன்னா" என்று மேஜையைக் காட்டினாள்.

வாசிப்பு ஏடு மூடியிருந்தது. பக்கத்தில் அவருடைய ஸ்டேப்ளர் வாயைத் திறந்தபடி கிடந்தது, உள்ளே ஒரு பின்கூட மிச்சமில்லை. அவர் நோட்டைத் திறந்தார். 'முழுவதும் சோதித்துப் பார்த்தேன்' என்ற தன் கையெழுத்தைப் பார்க்கவே கூசியது.

அதற்குக் கீழே, மாணவியின் கருத்து என்ற கட்டத்தில் உருண்டை எழுத்தில் எழுதியிருந்தாள்: 'கதை நன்றாக இருந்தது. அவள் ஏன் திரும்பி வந்தாள் என்று எனக்கு முதலில் புரியவில்லை.'

முதலில் என்ற சொல்லில் அவர் விரல் நின்றது. அப்படியென்றால் பிறகு புரிந்ததா? பின்னைப் பிரித்துப் படித்தாளா? படித்துவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி மறுபடி அடித்து வைத்தாளா? இல்லை, அவள் வேறு எதையாவது புரிந்துகொண்டாளா?

மேலே பார்த்தார். உறவு என்ற கட்டம் காணோம். அதன்மேல் ஒரு துண்டுக் காகிதத்தை மடித்து வைத்து, பின் அடித்திருந்தாள். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் இரண்டு. காகிதத்தின் மேல் பென்சிலில் எழுதியிருந்தது:

'அச்சுல தப்பு. நாளைக்கு வரைக்கும் யாரும் படிக்கக் கூடாது.'

மெக்கானிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தக் காகிதத்துக்கு அடியில் ஒரு சொல் இருந்தது. இரண்டு வருஷமாக அவர் காத்திருந்த சொல்லாக இருக்கலாம். 'யாரும் இல்லை' என்றும் இருக்கலாம். அவருடைய கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்க் குறட்டை எடுத்துவிட்டது. எடுத்த பிறகுதான் எடுத்ததே தெரிந்தது.

மனைவி பின்னாலிருந்து தோளுக்கு மேல் எட்டிப் படித்தாள். அவள் மூச்சு அவர் காதில் பட்டது.

"பிரிங்க" என்றாள் மெதுவாக.

"நாளைக்கு வரைக்கும்னு எழுதியிருக்கா."

"நாளைக்கு வரைக்கும் என் உயிர் தாங்காதுங்க. பிரிச்சுட்டு அதே ஓட்டையில மறுபடி அடிச்சுடலாம். அவளுக்கு எங்க தெரியப் போகுது?"

"தெரியும்மா. அவளுக்கு எல்லாம் தெரியும்."

"அப்ப என்கிட்ட குடுங்க."

அவள் கை குறட்டைப் பிடித்தது. அவர் விடவில்லை. பிடுங்கிக்கொள்ளவும் இல்லை.